செயற்கைக்கோள் படம் கேட்டால் பனிக்கட்டி வருகிறது: லீஃப்லெட்டில் செபராங் பிறை வரைபடம்

பத்துகாவான்_பேத்தி · வெள்ளி, இரவு 10:17

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் இருந்த பழைய தோட்டங்களை ஒரு இணைய வரைபடத்தில் குறித்து வைக்கலாம் என்று இறங்கியிருக்கிறேன். எங்கள் தாத்தா பாட்டி பத்து காவான் பக்கம் தோட்டத்தில் இருந்தவர்கள். இன்றைக்கு அங்கே போனால் தொழிற்பேட்டை, ஐக்கியா, இரண்டாம் பாலம் வந்து இறங்கும் நெடுஞ்சாலை. லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) எங்கே இருந்தது என்று கேட்டால் பாட்டி கையை நீட்டி "அந்தப் பக்கம்" என்கிறார். சொந்தக்காரர்கள் கைப்பேசியில் திறந்ததும் தோட்டத்தின் பெயர் தமிழில் தெரியவேண்டும், அடியில் செயற்கைக்கோள் படம் இருக்கவேண்டும். முடிந்தால் அன்றும் இன்றும் என்று இரண்டு படம்.

இணைய வரைபடம் காட்டும் லீஃப்லெட் லைப்ரரியை எடுத்துக்கொண்டேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தெருப்படம் ஒழுங்காக வருகிறது. ஜூம் 10, நடுவில் ஜார்ஜ்டவுன். அதே இடத்தில் எஸ்ரி நிறுவனத்தின் உலகச் செயற்கைக்கோள் படத்துக்கான முகவரியைப் போட்டால் துண்டுகள் வருகின்றன, ஆனால் பல வெள்ளை, சில கருநீலம், ஒரு துண்டு பக்கத்துத் துண்டோடு ஒட்டவே இல்லை. கன்சோலில் சிவப்பு எழுத்து எதுவும் இல்லை. முகவரியின் கடைசியில் தெருப்படத்துக்கு எழுதியது போலவே இசட் (ஜூம்), எக்ஸ், ஒய் என்றுதான் வைத்திருக்கிறேன். என்னவாக இருக்கும்?

தே_தாரிக் · வெள்ளி, இரவு 10:25

மேகமாக இருக்கும். பினாங்கில் என்றைக்கு மேகம் இல்லாமல் இருந்தது லா?

வரைகோல் · வெள்ளி, இரவு 11:02

மேகம் இல்லை. நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது அண்டார்க்டிகா.

விளையாட்டாகச் சொல்லவில்லை, கணக்குப் போட்டே பார்க்கலாம். இணைய வரைபடம் உலகத்தை ஒரு பெரிய சதுரமாக விரித்துக்கொள்கிறது. ஜூம் 0-இல் அது ஒரே துண்டு. ஒவ்வொரு ஜூமுக்கும் ஒரு துண்டு நான்காகும். ஜூம் 10-க்கு வரும்போது பக்கத்துக்கு 1024 துண்டுகள். எக்ஸ் மேற்கிலிருந்து எண்ணுவது, ஒய் வடக்கிலிருந்து எண்ணுவது. ஜார்ஜ்டவுன் விழும் துண்டு எக்ஸ் 797, ஒய் 496.

எஸ்ரியின் முகவரியில் வரிசை வேறு. இசட், அடுத்து ஒய், கடைசியில்தான் எக்ஸ். நீங்கள் 10, 797, 496 என்று கேட்டால் அந்தச் சர்வர் 797-ஐ ஒய்யாகவும் 496-ஐ எக்ஸாகவும் படிக்கும். அந்த இடம் தெற்கு அகலாங்கு 70 பாகையைத் தாண்டி, கிரீன்விச்சுக்குக் கொஞ்சம் மேற்கே இருக்கிறது. அண்டார்க்டிகாவின் கரையோரம். வெள்ளை பனி, கருநீலம் கடல். துண்டுகள் ஒட்டாததற்கும் இதுவே காரணம்: நீங்கள் கிழக்கே ஒரு துண்டு நகரும்போது அங்கே தெற்கே ஒரு துண்டு நகர்கிறது. கேட்ட துண்டு அங்கே இருப்பதால் சர்வர் 200 என்று நல்ல பதிலே கொடுக்கும். கன்சோல் எதற்காகச் சத்தம் போடப்போகிறது?

ஒய்யையும் எக்ஸையும் இடம் மாற்றுங்கள், வந்துவிடும்.

இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே இதுதான். படம் தப்பாக வந்தால், என்ன தப்பு என்பது அந்தப் படத்திலேயே எழுதியிருக்கும். பலர் அதைப் பார்க்காமல் உடனே குறிநிரலைக் கிளறப் போய்விடுகிறார்கள். பினாங்கைக் கேட்டு எங்கும் ஒரே நீலக் கடலாக வந்தால், ஒய்யைத் தெற்கிலிருந்து எண்ணும் டிஎம்எஸ் முறைக்கும் வடக்கிலிருந்து எண்ணும் முறைக்கும் இடையில் குழப்பம் என்று அர்த்தம். 1023-இலிருந்து 496-ஐக் கழித்தால் 527. அது தெற்கு 5 பாகை சொச்சம், சுமத்ராவுக்குத் தென்மேற்கே இந்தியப் பெருங்கடல். மேல் பாதி சாம்பலாகவும் கீழ்ப்பாதி வடதுருவப் பக்கமாகவும் வந்தால், அகலாங்கும் நெட்டாங்கும் இடம் மாறியிருக்கின்றன. 100 பாகை அகலாங்கு என்று ஒன்று கிடையாது, லீஃப்லெட் அதை 85.05-க்கு இழுத்துப் பிடித்து நிறுத்திவிடும். லீஃப்லெட்டில் அகலாங்கு முதலில், ஜியோஜேசன் கோப்பு வடிவத்தில் நெட்டாங்கு முதலில். இந்த ஒரு விஷயத்தில் இரண்டும் என்றைக்கும் ஒத்துப்போகப் போவதில்லை.

பத்துகாவான்_பேத்தி · வெள்ளி, இரவு 11:20

வந்துவிட்டது அண்ணா! தீவும் தெரிகிறது, இரண்டு பாலங்களும் கோடு கோடாகத் தெரிகின்றன.

பிறை_ஆத்தங்கரை · சனி, காலை 8:40

இடையில் ஒரு கேள்வி. நான் லீஃப்லெட் போன்ற இன்னொரு லைப்ரரியான ஓப்பன்லேயர்ஸில் எழுதுகிறேன். நடுப்புள்ளி 100.4, 5.3 என்று சரியான வரிசையில்தான் கொடுத்தேன். எனக்கும் ஒரே நீலம். டிஎம்எஸ் சிக்கலா?

வரைகோல் · சனி, காலை 9:05

இல்லை. உங்கள் நீலம் வேறு நீலம். ஜூமைக் குறைத்துப் பாருங்கள், ஆப்பிரிக்காவின் மேற்குப் பக்கம் கினி வளைகுடாவில் நிற்பீர்கள். ஓப்பன்லேயர்ஸ் நடுப்புள்ளியை இணைய வரைபடத்தின் மெர்கேட்டர் வீழ்ப்பில், மீட்டரில் எதிர்பார்க்கிறது. நீங்கள் பாகையில் கொடுத்ததை அது பூஜ்யப் புள்ளியிலிருந்து கிழக்கே 100 மீட்டர், வடக்கே 5 மீட்டர் என்று எடுத்துக்கொண்டது. ஃப்ரம்லான்லாட் என்ற செயற்கூறு வழியாக அனுப்புங்கள்.

பத்துகாவான்_பேத்தி · சனி, பிற்பகல் 3:31

அடுத்த கட்டத்தில் மாட்டிக்கொண்டேன். எஸ்ரியின் படம் அழகாக இருக்கிறது, ஆனால் எந்தத் தேதியில் எடுத்தது என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. எனக்கு இந்த ஆண்டு, அந்த ஆண்டு என்று உறுதியாகச் சொல்லும் படம் வேண்டும். ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் தளத்தில் கணக்குத் திறந்து சென்டினல்-2 செயற்கைக்கோளின் படம் ஒன்றை இறக்கினேன். ஒரு ஜிபி பக்கம் வந்தது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்று பேண்டையும் (நிற அலைவரிசை) சேர்த்து பிஎன்ஜி ஆக்கி, நான்கு மூலைக்கும் ஆயத்தொலை கொடுத்து, லீஃப்லெட்டில் படமேற்றினேன். முழுக்கக் கறுப்பு. உற்றுப் பார்த்தால் மேகம் மட்டும் லேசாகத் தெரிகிறது. அந்த மேகத்தின் தடத்தை வைத்துப் பார்த்தாலும் கரையோரம் பொருந்தவில்லை, கொஞ்சம் சாய்ந்தாற்போல் இருக்கிறது.

தே_தாரிக் · சனி, பிற்பகல் 3:44

கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளைப் பார்க்கும் வசதி இருக்கிறதே. எதற்கு இவ்வளவு பாடு? அதைத் திறந்து பாட்டியிடம் காட்டினால் வேலை முடிந்தது.

பத்துகாவான்_பேத்தி · சனி, பிற்பகல் 4:10

பாட்டியிடம் காட்ட அது போதும் அண்ணே. கிள்ளானிலும் ஜொகூரிலும் இருக்கும் மாமா, சித்தப்பாக்கள் ஒரு இணைப்பைத் தட்டினால் திறக்கவேண்டும். தோட்டத்தின் பெயர், கோயில், தமிழ்ப்பள்ளி எல்லாம் தமிழில் இருக்கவேண்டும், அவர்களும் குறிப்பு சேர்க்கவேண்டும். அதை எர்த்துக்குள் எப்படிச் செய்வது?

பிறை_ஆத்தங்கரை · சனி, மாலை 4:18

கூகுளின் துண்டுப் படங்களையே லீஃப்லெட்டில் இழுத்துக்கொள்ளலாமே. முகவரி இதோ:

*[மட்டுறுத்துநரால் நீக்கப்பட்டது. கூகுளின் துண்டுகளை அவர்களுடைய ஏபிஐ வழியாக இல்லாமல் நேரடியாக இழுப்பது அவர்களின் விதிமுறைக்குப் புறம்பானது. இங்கே அந்த முகவரிகளைப் பகிரவேண்டாம்.]*

மேகக்கணக்கு · சனி, மாலை 6:55

தங்கச்சி, உன் கறுப்புப் படம் கெட்டுப்போன படம் இல்லை. எண்களைத் திரைக்குத் தகுந்தபடி விரிக்கவில்லை, அவ்வளவுதான்.

சென்டினல்-2 ஒவ்வொரு பிக்சலிலும் வைத்திருப்பது நிறம் அல்ல, தரை எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பியது என்ற அளவு. அதை 10000-ஆல் பெருக்கி 16 பிட் முழு எண்ணாகச் சேமிக்கிறார்கள். 16 பிட்டில் 65535 வரை போகலாம். ஆனால் காடு, வயல், கட்டடம் எல்லாம் பெரும்பாலும் 3000-க்குக் கீழேதான் நிற்கும். 65535-ஐ வெள்ளை என்று எடுத்துக்கொண்டால் 3000 என்பது கறுப்புதான். மேகம் மட்டும் மேலே போவதால் உன் கண்ணுக்கு அது மட்டும் பட்டது. 0 முதல் 3000 வரை உள்ளதை 0 முதல் 255 ஆக விரித்து 8 பிட்டாக மாற்று. பொறுமை இல்லையென்றால், நீ இறக்கிய கட்டுக்குள்ளேயே டிசிஐ என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கும். அது ஏற்கெனவே 8 பிட் இயல்பு நிறம். சும்மா பார்வைக்கு அதுவே போதும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, அன்றும் இன்றும் என்று ஒப்பிடுவதால் உனக்கு அது கட்டாயம் வரும். 2022 ஜனவரி 25 முதல், செயலாக்கப் பதிப்பு 04.00 தொடங்கி, எல்லா மதிப்பிலும் 1000 கூட்டிச் சேமிக்கிறார்கள். கழிக்காமல் விட்டால் புதிய படம் பால் ஊற்றினாற்போல் வெளுத்துத் தெரியும், பழையது பளிச்சென்று இருக்கும். பார்ப்பவர்கள் புகைமூட்டம் என்று நினைத்துக்கொள்வார்கள். தேதியை மட்டும் நம்பாதே, பழைய படங்களையும் மறுபடி செயலாக்கி வெளியிட்டிருக்கிறார்கள். கோப்பின் பெயரில் என் எழுத்துக்குப் பின்னால் நான்கு இலக்கம் வரும். 0400 அல்லது அதற்கு மேல் என்றால் 1000 கழி. வேறு களஞ்சியத்திலிருந்து எடுத்தால் சிலர் கழித்தே வைத்திருப்பார்கள், மெட்டாடேட்டாவில் போட்டிருக்கும்.

சாய்வைப் பற்றி: உருண்டைப் பூமியைத் தட்டையாக விரிக்கும் முறைக்கு வீழ்ப்பு என்று பெயர், ஒவ்வொன்றுக்கும் இபிஎஸ்ஜி என்ற எண் உண்டு. உன் படம் யுடிஎம் வீழ்ப்பின் 47 வடக்கு மண்டலத்தில், அதாவது இபிஎஸ்ஜி 32647-இல் இருக்கிறது. லீஃப்லெட்டின் திரை வெப் மெர்கேட்டர், இபிஎஸ்ஜி 3857. யுடிஎம் 47-இன் நடுக்கோடு 99 பாகை கிழக்கு. நாம் அதிலிருந்து ஒன்றரைப் பாகை தள்ளி இருக்கிறோம், அதனால் நம் பகுதியில் அதன் கட்டம் உண்மையான வடக்கிலிருந்து சிறிது திரும்பியிருக்கும். ஒரு பாகையில் ஏழில் ஒரு பங்குகூட வராது. ஆனால் ஒரு சென்டினல் துண்டு 110 கிலோமீட்டர் அகலம். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போவதற்குள் 200 மீட்டருக்கு மேல் விலகிவிடும். மூலைகளைக் கொடுத்து இழுத்துப் பொருத்துவதால் இது சரியாகாது. ஜிடால் என்ற வரைபடக் கருவியின் வார்ப் கட்டளையில் 3857-க்கு மாற்றிவிட்டு அப்புறம் ஏற்று.

பத்துகாவான்_பேத்தி · சனி, இரவு 9:30

அக்கா, டிசிஐ போட்டதும் நிறம் வந்துவிட்டது, வார்ப் செய்ததும் கரையும் பொருந்தியது. இப்போது உண்மையிலேயே மேகம்தான் பிரச்சினை. தே_தாரிக் அண்ணன் சிரிக்கவேண்டாம்.

தே_தாரிக் · சனி, இரவு 9:33

சிரிக்கவில்லை. ஒரு நாள் முந்திச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

மேகக்கணக்கு · சனி, இரவு 10:48

மேகத்துக்கு ஒரு காரணம் நம் கடிகாரத்திலேயே இருக்கிறது. சென்டினல்-2 நிலநடுக்கோட்டைக் கடப்பது சூரியக் கணக்குப்படி காலை 10:30. ஆனால் 1982 முதல் தீபகற்ப மலேசியா உலக நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னால் வைத்துக்கொண்டிருக்கிறது. பினாங்கின் நெட்டாங்குக்கு உண்மையில் ஆறே முக்கால் மணி நேரம்கூட வராது. ஆகவே அது நம் தலைக்கு மேல் வரும்போது கைக்கடிகாரத்தில் பதினொன்றரையைத் தாண்டியிருக்கும். அதற்குள் தீவின் கொடிமலை மேல் மேகம் கட்ட ஆரம்பித்துவிடும். கடலும் கரையோரச் சமவெளியும் தெளிவாக இருக்க, மலை மட்டும் பஞ்சு மூட்டைக்குள் கிடக்கும். உன் வேலை பெருநிலப் பக்கம் என்பதால் கொஞ்சம் தப்பித்தாய்.

மாதத்தைப் பார்த்து எடு. பினாங்கில் ஜனவரியும் பிப்ரவரியும் வறண்ட மாதங்கள், வானம் திறந்திருக்கும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும்போது வெயில் மண்டையைப் பிளக்குமே, அந்த நாட்கள்தான் நமக்கு வேண்டியவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை விட்டாலும் சில ஆண்டுகளில் புகைமூட்டம் வந்து கெடுக்கும்.

ஒரே நாளில் சுத்தமான படம் கிடைக்கவில்லையென்றால், ஒரே பருவத்தின் பல படங்களை அடுக்கி ஒவ்வொரு பிக்சலுக்கும் நடு மதிப்பை எடு. இரண்டாம் நிலைக் கட்டில் எஸ்சிஎல் என்று ஒரு வகைப்பாட்டுப் படம் வரும், 20 மீட்டர் பிக்சல். அதில் 3 மேக நிழல், 8-உம் 9-உம் மேகம், 10 மெல்லிய சிர்ரஸ். அந்தப் பிக்சல்களை முதலில் தூக்கிவிட்டு, மிச்சத்தில் நடு மதிப்பு. நிழலை மறந்துவிடாதே. செம்பனைக் காட்டின் மேல் மேக நிழல் விழுந்தால் குளம் போலவே தெரியும்.

பைத்தானில் இதைச் செய்யும்போது முழுத் துண்டையும் திறக்காதே. 10 மீட்டர் பேண்ட் ஒன்று 10980-க்கு 10980 பிக்சல், பன்னிரண்டு கோடிக்கு மேல். பிக்சலுக்கு 2 பைட், ஒரு பேண்டுக்கு 240 எம்பி. பத்துப் படம், மூன்று பேண்ட் என்று அடுக்கினால் மடிக்கணினி படுத்துவிடும். ராஸ்டெரியோ என்ற பைத்தான் லைப்ரரியில் ஜன்னல் வைத்து, அதாவது வேண்டிய பகுதியை மட்டும், படிக்கலாம். பத்து காவானைச் சுற்றி 10 கிலோமீட்டர் சதுரம் வெறும் 1000-க்கு 1000 பிக்சல், பேண்டுக்கு 2 எம்பி. இறக்கவே வேண்டாம், மேகக்கணினியில் சிஓஜி (பகுதி பகுதியாகப் படிக்கக்கூடிய ஜியோடிஃப் படக்கோப்பு) வடிவில் வைத்திருக்கும் களஞ்சியம் என்றால் ராஸ்டெரியோ அந்த ஜன்னலுக்குத் தேவையான பைட்டுகளை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

முடித்த படத்தையும் சிஓஜியாகவே சேமித்து, லீஃப்லெட்டை விட்டுவிட்டு ஓப்பன்லேயர்ஸுக்கு வா. அதில் ஜியோடிஃப்பை உலாவியே நேரடியாகத் திறக்கும். விரிப்பு அளவை, பேண்ட் சேர்க்கையை எல்லாம் பார்ப்பவர் கையில் கொடுக்கலாம். அகச்சிவப்பைச் சேர்த்துப் பார்த்தால் எங்கே மரம், எங்கே மண் என்று ஒரே பார்வையில் பிரிந்துவிடும்.

வரைகோல் · ஞாயிறு, காலை 7:58

மேகக்கணக்கு சொன்னதில் கடைசிப் பத்தியை மட்டும் மறுக்கிறேன்.

யார் பார்க்கப்போகிறார்கள்? மாமா, சித்தப்பா. எதில்? நாலைந்து வருடப் பழைய கைப்பேசியில், மாமாக் உணவகத்தில் உட்கார்ந்து. அவர்களுக்கு விரிப்பு அளவை மாற்றும் பொத்தான் எதற்கு? உலாவிக்குள் ஜியோடிஃப்பைப் பிரித்து, கிராஃபிக்ஸ் சிப்பில் வரைந்து காட்டுவது அந்தக் கைப்பேசிக்குச் சுமை. தங்கச்சிக்குத் தேவை இரண்டு அசையாத படம்.

படத்தைத் துண்டுகளாக வெட்டி வைத்துவிட்டால் போதும். சென்டினலின் பிக்சல் 10 மீட்டர். வெப் மெர்கேட்டரில் ஜூம் 14-இல் ஒரு பிக்சல் நம் ஊர்ப் பக்கம் ஏறக்குறைய 9.5 மீட்டர். அதற்கு மேல் வெட்டினால் புதிதாக எதுவும் தெரியாது, வட்டில் இடம்தான் போகும். ஜூம் 14-இல் ஒரு துண்டு சுமார் 2.4 கிலோமீட்டர். செபராங் பிறை முழுவதையும் சுற்றி வளைத்தாலும் ஜூம் 10 முதல் 14 வரை முந்நூறு சொச்சம் துண்டுகளில் முடிந்துவிடும். ஓர் ஆண்டுக்குச் சில பத்து எம்பி. எந்த இலவச இடத்திலும் வைக்கலாம்.

ஜிடாலோடு வரும் ஜிடால்2டைல்ஸ் இதைச் செய்துவிடும். ஆனால் அது தானாக எண்ணுவது டிஎம்எஸ் முறையில், தெற்கிலிருந்து. எக்ஸ்ஒய்இசட் என்ற தெரிவைக் கொடுத்து ஓட்டுங்கள், இல்லையென்றால் லீஃப்லெட்டில் டிஎம்எஸ் என்று சொல்லுங்கள். இரண்டில் ஒன்று, இரண்டும் சேர்ந்து வேண்டாம். இது தப்பினால் இந்தத் தடவை நீலக் கடல் வராது. உங்களிடம் இருப்பது செபராங் பிறைத் துண்டுகள் மட்டும்தானே, நெட்வொர்க் பக்கத்தில் வரிசையாக 404 நிற்கும். லீஃப்லெட்டில் மேக்ஸ்நேட்டிவ்ஜூம் 14 என்றும் மேக்ஸ்ஜூம் 17 என்றும் வையுங்கள், அதற்கு மேல் இருக்கும் துண்டையே பெரிதாக்கிக் காட்டும். எல்லையையும் கொடுத்துவிடுங்கள், இல்லாத துண்டைக் கேட்டுக் கேட்டுக் கைப்பேசி டேட்டா வீணாகாது.

மேகக்கணக்கு · ஞாயிறு, காலை 10:20

பார்ப்பவர்களைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் புதிதாக ஓர் ஆண்டைச் சேர்க்கும்போதெல்லாம் மறுபடி வெட்டவேண்டும், நடுவில் விரிப்பு பிடிக்கவில்லையென்றால் மறுபடி வெட்டவேண்டும். சிஓஜி என்றால் ஒரு கோப்பை மாற்றினால் போதும்.

வரைகோல் · ஞாயிறு, காலை 10:31

முந்நூறு துண்டை வெட்ட ஒரு தே குடிக்கும் நேரம்கூட ஆகாது. மலேசியா முழுக்க என்றால் உங்கள் பக்கம் வந்துவிடுவேன்.

பிறை_ஆத்தங்கரை · ஞாயிறு, காலை 11:12

நான் சிஓஜி வழியில்தான் போகிறேன். என் கணினியிலேயே பைத்தானின் சாதாரண எச்டிடிபி சர்வரை ஓட்டிப் பார்த்தேன். ஓப்பன்லேயர்ஸ் எதையும் வரையவில்லை. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் அதே கோப்பு நன்றாகத் திறக்கிறது.

மேகக்கணக்கு · ஞாயிறு, காலை 11:40

அந்தச் சர்வர் ரேஞ்ச் கோரிக்கையைக் கண்டுகொள்ளாது. "இந்த பைட்டிலிருந்து இந்த பைட் வரை" என்று கேட்டாலும் முழுக் கோப்பையும் தூக்கி நீட்டும். நெட்வொர்க் பக்கத்தில் 206 வரவேண்டிய இடத்தில் 200 நிற்கும், பாருங்கள். என்ஜின்எக்ஸ் போன்ற ஒன்றை வையுங்கள். வேறு டொமைனில் கோப்பு இருந்தால் கோர்ஸ் அனுமதியும் (வேறு தளம் படிக்க விடும் அனுமதி) வேண்டும்.

சங்கிலி_அளவை · ஞாயிறு, பிற்பகல் 2:05

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நில அளவையாளன் நான். பிள்ளைகள் பேசுவதில் பாதி எனக்குப் புதிது, மீதிப் பாதியில் ஒன்று சொல்லலாம்.

அம்மா, 10 மீட்டர் பிக்சலில் லயம் தெரியாது. லயத்து வீடுகள் நீளமாக இருந்தாலும் அகலம் ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடும். இன்றைய சென்டினலின் கதையே இது என்றால், தோட்டம் இருந்த காலத்துக்கு உனக்குக் கிடைக்கக்கூடியது லேண்ட்சாட் 5 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளின் படம். 1984-இல் ஏவியது, 30 மீட்டர் பிக்சல். அதில் தோட்டத்தின் எல்லை தெரியும், செம்மண் பாதை கொஞ்சம் தெரியும், ஆறு தெரியும். ஆள் இருந்த இடம் தெரியாது.

அதற்குப் பழைய நிலப்பட வரைபடம் வேண்டும். ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து போட்ட தாள்கள். தோட்டத்தின் பெயரே அச்சிட்டிருக்கும். அதை ஸ்கேன் எடுத்துப் படத்தின் மேல் வைக்கும்போது கவனம். அந்தத் தாள்கள் கெர்த்தாவ் என்ற பழைய அளவைத் தளத்தில் (ஆயத்தொலைகளுக்கு அடிப்படை), மலாயாவுக்கான ஆர்எஸ்ஓ வீழ்ப்பில் போட்டவை. செயற்கைக்கோள் படம் டபிள்யூஜிஎஸ் 84. தள மாற்றம் செய்யாமல் அகலாங்கு நெட்டாங்கை அப்படியே எடுத்து வைத்தால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி உட்காரும். தாத்தா வீடு பக்கத்துத் தோட்டத்துக்குள் போய்விடும். மீட்டர் கட்டம் உள்ள தாளுக்கு இபிஎஸ்ஜி 3168 என்று கொடு. இன்றைய ஜிடிஎம்2000 தளத்தின் ஆர்எஸ்ஓவுக்கு 3375. இரண்டுக்கும் பெயர் ஒன்று போலிருக்கும், குழப்பிக்கொள்ளாதே. மிகப் பழைய தாள்களில் கட்டம் யார்டில் இருக்கலாம், அடிக்குறிப்பைப் படித்துவிட்டு இறங்கு.

பொருத்துவதற்கான புள்ளிகளாகச் சாலைச் சந்திப்புகளை எடு. ஆற்று முகத்துவாரத்தை எடுக்காதே, அது நகரும். ரயில் தடமும் ஆபத்துதான், ஈப்போ முதல் பாடாங் பெசார் வரை இரட்டைத் தடம் போட்டபோது பல இடங்களில் பழைய தடத்தை நேராக்கிவிட்டார்கள்.

பத்துகாவான்_பேத்தி · ஞாயிறு, மாலை 5:26

ஐயா, மிக்க நன்றி. இந்தத் தாள்களைப் பற்றி எனக்கு யாருமே சொல்லவில்லை.

லேண்ட்சாட் பக்கமும் பார்த்துவிட்டேன். 2000-களின் நடுவில் எடுத்த ஒரு படத்தில் குறுக்கே கறுப்புக் கோடுகள் ஓடுகின்றன. ஓரத்தில் தடிமனாக, நடுவில் மெல்லியதாக. விரிப்பு, வீழ்ப்பு எல்லாம் சரிபார்த்தேன்.

மேகக்கணக்கு · ஞாயிறு, மாலை 6:02

அது லேண்ட்சாட் 7. உன் பக்கம் சரிசெய்ய ஒன்றும் இல்லை. 2003 மே 31 அன்று அதன் ஸ்கேன் கோட்டைத் திருத்தும் கருவி பழுதாகிவிட்டது, அதற்குப் பிறகு எடுத்தவை எல்லாம் கோடு போட்டுத்தான் வரும். லேண்ட்சாட் 5-இல் தேடு, நம் ஊருக்குப் பாதை 128, வரிசை 56. 2013-க்குப் பின் என்றால் லேண்ட்சாட் 8 இருக்கிறது. கலெக்ஷன் 2, இரண்டாம் நிலை எடுத்தால் மதிப்பை 0.0000275-ஆல் பெருக்கி 0.2 கழிக்கவேண்டும், சென்டினலின் 10000 கணக்கு இங்கே செல்லாது. அப்புறம் பேண்ட் எண்: லேண்ட்சாட் 5-இல் இயல்பு நிறத்துக்கு 3, 2, 1. லேண்ட்சாட் 8-இல் 4, 3, 2. பழைய வரிசையை 8-இல் போட்டால் எல்லாம் நீலச் சாயத்தில் முக்கி எடுத்தாற்போல் இருக்கும்.

30 மீட்டருக்கு ஜூம் 13-க்கு மேல் வெட்டாதே. அதையும் வரைகோல் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

பத்துகாவான்_பேத்தி · புதன், இரவு 11:48

இணைப்பு போட்டுவிட்டேன். வரைகோல் அண்ணன் சொன்ன துண்டு வழிதான். கீழே ஒரு இழுவைப் பட்டை, இடப்பக்கம் லேண்ட்சாட் 5, வலப்பக்கம் சென்டினல்-2. பத்து காவானில் பட்டையை இழுத்தால் பச்சைக்கு நடுவில் வெளிறிய கூரைகளும் சாலையும் எழும்புகின்றன. தாள் இன்னும் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன். குறைகளைச் சொல்லுங்கள்.

வரைகோல் · வியாழன், காலை 7:15

இழுவை நன்றாக ஓடுகிறது. ஒன்று விடுபட்டிருக்கிறது: கீழ் மூலையில் மூலக் குறிப்பு. கோப்பர்நிக்கஸ் தரவு இலவசம்தான், ஆனால் மாற்றியமைத்த கோப்பர்நிக்கஸ் சென்டினல் தரவு என்று ஆண்டோடு குறிப்பிடச் சொல்கிறார்கள். லேண்ட்சாட்டுக்கு அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறையின் பெயர். துண்டு அடுக்கைச் சேர்க்கும் இடத்திலேயே அட்ரிபியூஷன் என்ற தெரிவு இருக்கிறது.

தே_தாரிக் · வியாழன், காலை 7:50

என் பழைய கைப்பேசியிலும் திறக்கிறது. ஆனால் முதலில் திறந்ததும் தோட்டப் பெயர் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிறது, நிபோங் திபால் பக்கம் எதையும் படிக்க முடியவில்லை.

பத்துகாவான்_பேத்தி · வியாழன், காலை 8:04

பெயர்களை ஜூம் 12-இலிருந்துதான் காட்டும்படி மாற்றிவிட்டேன், அதற்குக் கீழே வெறும் புள்ளி. மூலக் குறிப்பும் சேர்த்தாயிற்று. உலாவியைப் புதுப்பித்துப் பாருங்கள் அண்ணே.